சுமத்ரா அம்பர்: நீலத்தைத் தொலைத்துத் திரும்பப் பிடித்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய், கல்லாக இறுகிய மரப்பிசினான சுமத்ரா அம்பரின் மூன்றாவது கட்டியைக் கரிப்பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நீலம் நின்றது. டார்ச் இல்லை, இருட்டறை இல்லை, கேமரா வித்தை எதுவும் இல்லை. பழைய ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம் ஞாபகம் இருக்கிறதா? அதே நீலம், தேன் நிறக் கட்டியின் தோல்மேல் படிந்த மாதிரி.

வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளி பட்டால் இந்த அம்பர் நீலமாக ஒளிரும். அதைப் பார்க்கிற இடத்துக்கு வர நான்கு மாதம் ஆனது. முதல் கட்டியை முழுசாகவும் இரண்டாவதைப் பாதியும் வீணாக்கினேன். எங்கே தப்பு செய்தேன் என்று இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது, அதனால் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சினன் வேலை விஷயமாக இந்தோனேசியா போனபோது மூன்று கட்டிகள் வாங்கி வந்தான். 96, 71, 45 கிராம். மொத்தம் 212 கிராமுக்கு நம் காசில் 5,200 ரூபாய். சுமத்ரா தீவின் ஜாம்பி மாகாணத்தில், சினமார் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் கரி வெட்டும்போது கூடவே வருவது இது. பார்த்தால் ஏதோ தார்க்கட்டி மாதிரிதான் இருந்தது. வெளியே கறுப்புத் தோல், இடுக்குகளில் கரி, உடைந்த ஒரு ஓரத்தில் மட்டும் கருப்பட்டிப் பாகு நிறம்.

"அம்பர் வாங்கியிருக்கேன்" என்று அலுவலகத்தில் சொன்னதும் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது வெச்சிருந்தா போலீஸ் பிடிக்குமே" என்றார்கள். அவர்கள் சொல்வது திமிங்கல அம்பர், அதாவது அம்பர்கிரீஸ். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவது, இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். என் கையில் இருப்பது மரப்பிசின், கல்லாக இறுகியது. பெயர் ஒன்றாகிப்போனதால் நான்கு மாதமாக இந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் வேலை, இது நிஜமான அம்பர்தானா என்று பார்ப்பது. கட்டிகள் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தன. கச்சா அம்பரைப் பளபளப்பாகக் காட்ட விற்கிறவர்கள் எண்ணெய் தடவுவது உண்டு. நான் அதைத் துடைக்காமலே புற ஊதா டார்ச் அடித்து, "ஆஹா, ஒளிர்கிறது" என்று குதித்தேன். மினரல் எண்ணெயே புற ஊதாவில் லேசாக நீலம் காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது, வெடிப்பு விடும்.

அப்புறம் உப்புத் தண்ணீர். 250 மில்லி தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பு. 45 கிராம் கட்டி மிதந்தது. ஒப்பிட, வீட்டில் கிடந்த ஒரு பாலியஸ்டர் ரெசின் சாவிக்கொத்துப் பொம்மையைப் போட்டேன், மூழ்கியது. ஆனால் 96 கிராம் கட்டி மிதப்பதா வேண்டாமா என்று நடுவில் தொங்கியது. போலியா என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். இடுக்குகளில் இருக்கிற கரியின் கனம்தான் காரணம்.

அதனால் அடர்த்தியை ஒழுங்காக அளந்தேன். இதற்கு 650 ரூபாய்க்கு வாங்கிய பாக்கெட் தராசு போதும். தராசின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கட்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுகிற எண்தான் கட்டியின் கன அளவு. சின்னக் கட்டி 45.1 கிராம், தண்ணீரில் 42.3 காட்டியது, ஆக அடர்த்தி 1.066. பெரிய கட்டி 96.3 கிராம், 88.2 காட்டியது, அடர்த்தி 1.09. சுத்தமான அம்பர் 1.05 முதல் 1.10 வரை இருக்கும். சரி, பாஸ்.

கடைசிச் சோதனை அசிட்டோன். நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் ஒரு சொட்டு, கண்ணுக்குப் படாத ஓரத்தில். ஒரு நிமிடம் கழித்துத் தொட்டால் பிசுபிசுப்பு இல்லை. கோபல் (copal) என்கிற இளம் பிசினாக இருந்தால் விரல் ஒட்டும்.

டார்ச் கதை தனி. முதலில் 350 ரூபாய்க்கு ஒரு புற ஊதா டார்ச் வாங்கினேன். கள்ள நோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்த வகை, 395 நானோமீட்டர். அதன் வெளிச்சத்தில் பாதி கண்ணுக்கே தெரியும் ஊதா. எதன்மேல் அடித்தாலும் ஊதாதான். அம்பர், சுவர், என் கை, எல்லாம் ஒரே மாதிரி. அம்பரின் நீலம் எங்கே ஆரம்பிக்கிறது, டார்ச்சின் ஊதா எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைத்த 365 நானோமீட்டர் டார்ச்சை 2,650 ரூபாய்க்கு வாங்கினேன். இருட்டில் எரிகிறதா என்றே தெரியாத அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவு. அம்பர்மேல் திருப்பியதும், கட்டி தானே விளக்கேற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் 350 ரூபாயும் மூன்று வாரமும் மிச்சம்.

டார்ச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல வழி டானிக் வாட்டர் என்கிற கசப்புச் சோடா. அதில் இருக்கிற குயினைன் புற ஊதாவில் பளிச்சென்று வெளிர்நீலமாகும். 1845-இல் ஜான் ஹெர்ஷல் குயினைன் கரைசலில் இந்த நீலத்தைப் பார்த்து எழுதினார். 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ன நடக்கிறது என்று விளக்கி, ஃப்ளோரைட் கனிமத்தை வைத்து 'ஃப்ளோரெசன்ஸ்' என்று பெயரும் வைத்தார். நம் பாடப் புத்தக வார்த்தை உடனொளிர்வு. நான் ஒளிர்வு என்றே எழுதுகிறேன். குடிக்கிற டானிக் வாட்டர் 60 ரூபாய். சோதனை முடிந்ததும் குடித்துவிடலாம். இந்தச் செலவுக் கணக்கில் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. 365 டார்ச்சை நேராகப் பார்க்கக் கூடாது. வெல்டிங் சாமான் கடையில் 120 ரூபாய்க்குக் கிடைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முதல் தோல்வி.

என் மனதில் இருந்த படம் இதுதான்: மெல்லிய, கண்ணாடி போலத் தெளிவான ஒரு வில்லை, வெயிலில் பிடித்தால் நீலம். அதனால் 45 கிராம் கட்டியை ஆக்சா பிளேடால் அறுத்தேன். அம்பர் கிட்டத்தட்ட நம் விரல் நகத்தளவுதான் கெட்டி, மோஸ் என்கிற கடினத்தன்மை அளவில் 2 முதல் 2.5. வெண்ணெய் மாதிரி அறுபடும் என்று நினைத்தேன். அறுபட்டது உண்மைதான், ஆனால் நடுவில் ஓடின வெடிப்பில் கால்வாசி உடைந்து விழுந்தது. மிச்சத்தைச் சீக்கிரம் முடிக்க, கையில் பிடிக்கும் சுழல் கருவியில் 220 நம்பர் உருளையை மாட்டித் தேய்த்தேன், தண்ணீர் இல்லாமல். பத்து வினாடியில் வீடு முழுக்கப் பிசின் வாசனை. அது நல்ல வாசனைதான், ஆனால் கெட்ட சகுனம். மேல்பரப்பு சூட்டில் இளகி, தூள் அதிலேயே ஒட்டி, கமர்கட்டைச் சப்பிவிட்டுத் துப்பின மாதிரி ஆனது. கூர்ந்து பார்த்தால் முடியளவு வெடிப்புகள்.

கருவியை ஓரம்கட்டிவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பருக்கு வந்தேன். நம்பர் கூடக் கூட நைசு. மூன்று நாள் தேய்த்து 4 மில்லிமீட்டர் கனத்தில், 9.4 கிராமில் ஒரு வில்லை செய்தேன். கரித்துணுக்கு ஒன்றுகூட விடவில்லை. ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். அப்படி ஒரு பெருமை. வெயிலில் பிடித்தால் அழகான தேன் நிறம், பத்திரிகையை அடியில் வைத்தால் எழுத்து படிக்கலாம்.

நீலம் இல்லை.

இருட்டறையில் டார்ச் அடித்தால் வருகிறது. வெயிலில் சுத்தமாக இல்லை. அறுப்பதற்கு முன்னால் கச்சாக் கட்டியின் உடைந்த ஓரத்தில் வெயிலிலேயே லேசாகத் தெரிந்த நீலம்கூட இப்போது காணோம். ஏமாந்துவிட்டோம், அந்த நீலம் எண்ணெய்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு மாதம் தொடாமல் வைத்துவிட்டேன். இந்தச் சமயத்தில்தான் வீட்டம்மா செலவுச் சீட்டைப் பார்த்தாள். "தாலியக் குடுத்துக் குங்கிலியம் வாங்கினாரே திருக்கடையூர்ல ஒரு நாயனார், அவர் பரம்பரையாங்க நீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் குங்கிலியம் என்று அவள் வாயில் வந்தது எவ்வளவு சரி என்று அவளுக்கே தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருச்சியில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டினார்கள். இன்று அந்தத் தொழிலில் மிச்சம் இருப்பவர்கள் குறைவு. நண்பர் ஒருவர் மூலம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். வில்லையை வாங்கி, பல்லில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது கல்லே இல்லையே தம்பி. மெழுகு ஜாதி."

"பிசின்ங்க ஐயா. கோடிக்கணக்கான வருஷத்துப் பிசின்."

"பாலிஷ் பரவாயில்ல. என்ன குறைங்கிறீங்க?"

நீலம் காணாமல் போன கதையைச் சொன்னேன். அவர் வில்லையை மேசைமேல் போட்டார். வெள்ளை ஃபார்மைக்கா மேசை. "கெம்பு செட்டு பார்த்திருக்கீங்களா? பின்னாடி மூடித் தகடு வெச்சாத்தான் கலர் எழும்பும். தகட்ட எடுத்துட்டா பாதிக் கல்லு செத்துரும். உங்க கல்லுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"கரி."

"அதை எங்க?"

"நோண்டி எடுத்துட்டேன்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. தன் கறுப்புக் குடையை விரித்து அதன்மேல் வில்லையை வைத்து, வாசலுக்கு நகர்த்தினார். நீலம் வந்துவிட்டது. மங்கலாகத்தான், ஆனால் வந்துவிட்டது.

புற ஊதா ஒளி அம்பருக்குள் ஆழமாகப் போவதில்லை. மேல்தோலிலேயே உறிஞ்சப்பட்டு, அங்கிருந்தே நீலமாக வெளியே வருகிறது. அந்த நீலம் மெலிசானது. வெள்ளை மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தேன் நிறமாகி அம்பர் வழியாக மேலே வரும்போது, நீலம் அதில் அமுங்கிப்போகிறது. பின்னால் கறுப்பு இருந்தால் அந்த வெளிச்சம் அங்கேயே விழுங்கப்படும், மேல்தோல் நீலம் மட்டும் கண்ணுக்கு வரும். நான் அசிங்கம் என்று தோண்டி எடுத்த கரிதான் இந்த அம்பருக்குப் பூமியே வைத்துக்கொடுத்த தகடு.

வீட்டுக்கு வந்து அது எப்படி அங்கே வந்தது என்று தேடிப் படித்தேன். சுமத்ராவில் சுமார் 2 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த காட்டில் பிசின் வடித்த மரங்கள் டிப்டிரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிசின் சதுப்பில் விழுந்தது, கூடவே இலையும் கட்டையும் விழுந்து மக்கின. மேலே மண் படியப் படிய, அடியில் கட்டையெல்லாம் நிலக்கரி ஆனது, பிசின் அதற்குள்ளேயே அம்பராக இறுகியது. கரியும் அம்பரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்து மரங்களின் இன்றைய பிசினுக்கு உலகச் சந்தையில் டாமர் என்று பெயர். நம் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம். வட இந்தியச் சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும் இதே குடும்பம்தான். ஆக, வீட்டம்மா சொன்னது சரி. நான் 5,200 ரூபாய் கொடுத்து வாங்கியது பழைய குங்கிலியம்.

எல்லா அம்பரும் இப்படி இல்லை. பால்டிக் அம்பர் 3 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. ரஷ்யாவின் கலினின்கிராட் பக்கம் யந்தார்னியில் 'நீல மண்' என்கிற கடல் படிவுக்குள் கிடைக்கிறது. அந்த நீலம் மண்ணின் பெயரில்தான், அம்பரில் இல்லை. நண்பரின் மனைவி வைத்திருக்கும் பால்டிக் பாசிமாலையில் என் டார்ச்சை அடித்துப் பார்த்தேன், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளிறிய வெள்ளைதான் வந்தது. நீலத்துக்குப் பேர்போனது டொமினிக்கன் குடியரசு. அங்கே பிசின் தந்தது ஹைமீனியா என்கிற, புளிய மரமும் சேர்ந்த அவரைக் குடும்பத்து மரம். வயது ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டு. அதன் நீல வகையை 2005-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அளந்தபோது, ஒளிர்வு 430 முதல் 530 நானோமீட்டர் வரை பரவியிருந்தது. வளைய அமைப்புள்ள ஹைட்ரோகார்பன்களின் கையெழுத்து அது என்றார்கள். அதே நாட்டு மஞ்சள், சிவப்பு வகைகளில் அந்தக் கையெழுத்து இல்லை. மரம் வேறு, கண்டம் வேறு, நீலம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்தது இதுதான்.

நம் பக்கத்திலும் உண்டு. குஜராத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் லிக்னைட் சுரங்கங்களில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் கிடைக்கிறது. அதுவும் டிப்டிரோகார்ப் பிசின்தான், உள்ளே பூச்சிகளோடு. ஒரு துண்டு கையில் கிடைத்தால் டார்ச் அடித்துப் பார்க்க ஆசை.

இரண்டாவது கட்டி, 71 கிராம். இந்த முறை பின்பக்கத்தைத் தொடவில்லை. முன்பக்கத்தை மட்டும் சற்று மேடாக, வில்வக்காய் முதுகு மாதிரி தேய்ப்பது என்று திட்டம். கையில் பிடிக்க வழுக்கியதால், பட்டை தீட்டுகிறவர்கள் செய்வது போல அரக்கை உருக்கிக் குச்சியில் ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை. அரக்கு பட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். குறுக்கே 18 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு. அம்பருக்குச் சூடு ஆகாது என்று சுழல் கருவி ஏற்கெனவே சொல்லித் தந்ததை அரக்கு இரண்டாம் முறை சொல்லித் தந்தது. வெடிப்புக்குள் எபாக்சி விட்டு அடைத்தேன். வெயிலில் தெரியவில்லை. டார்ச் அடித்தால் நீலத்துக்கு நடுவே விபூதிக் கோடு மாதிரி பளிச்சென்று வெள்ளைக் கோடு. எபாக்சியும் ஒளிர்கிறது, அம்பரைவிட உற்சாகமாக. விற்பனைக்கு வரும் அம்பரில் ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிக்க இதுவே வழி என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தப்பு பற்பசை. 2000 நம்பர் பேப்பருக்குப் பிறகு பளபளப்பு கொடுக்கப் பற்பசை நல்லது என்று எங்கோ கேட்டிருந்தேன். பளபளப்பு வந்தது. டார்ச் அடித்தால் நட்சத்திர மண்டலம்: பற்பசை ஒவ்வொரு நுண்குழியிலும் போய் உட்கார்ந்துகொண்டு வெள்ளைப் புள்ளியாக மின்னியது. டூத் பிரஷ், ஊசி, வெந்நீர் எதற்கும் அசையவில்லை. 1000 நம்பருக்குத் திரும்பிப் போய் மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

அதோடு போகவில்லை. போட்டோ எடுத்தபோது அம்பரின் ஓரங்களில் மட்டும் நீலம் தூக்கலாக விழுந்தது. அதை இரண்டு நாள் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக் குறிப்பு வேறு எழுதினேன். காரணம் என் சட்டை. துணிசோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதாவில் நீலமாக எரியும். நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ஒரு நீல விளக்காக மாறி அம்பரின் ஓரத்தில் பிரதிபலித்திருக்கிறது. இருட்டறையில் கண்ணாடி முன் நின்று டார்ச்சை என்மேலேயே அடித்தபோதுதான் புரிந்தது. வெள்ளைத் தாள், வேட்டி, துடைக்கிற துணி எல்லாமே இந்த வேலைக்கு எதிரிகள். இப்போது கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு வெல்வெட் துணி, பழைய கருநீல ஜீன்ஸ் துண்டு மட்டும்தான். ஜீன்ஸ் துண்டையும் சோப்பு போடாமல் வெந்நீரில் மூன்று முறை அலசி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கட்டியில் எதையும் புதிதாக முயற்சி செய்யவில்லை. தெரிந்ததை மட்டும் செய்தேன். 96.3 கிராம் கட்டியில், உடைந்த ஓரம் இருந்த பக்கத்தில் மட்டும் 5 சென்டிமீட்டருக்கு 3.5 சென்டிமீட்டர் அளவில் ஒரு ஜன்னல் திறப்பது என்று முடிவு. மற்ற பக்கமெல்லாம் தோலும் கரியும் அப்படியே. குச்சி இல்லை, அரக்கு இல்லை. தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டி, கட்டியைக் கையில் பிடித்து எட்டு வடிவத்தில் தேய்த்தேன். 220-இல் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000, 3000. ஒவ்வொரு பேப்பர் மாற்றும்போதும் கை திசையை மாற்ற வேண்டும், முந்தின கீறல் முழுசாக மறைந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு 400-இல் விட்ட ஒரு கீறல் 2000-இல் வந்து சிரித்தது, திரும்ப 600-க்குப் போனேன். தண்ணீரை ஒவ்வொரு நம்பருக்கும் மாற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டியை உதட்டில் வைத்துப் பார்ப்பேன். உதட்டுக்குச் சூடு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தோல் போகப் போக ஒளிர்வு மாறுவதைப் பார்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்தேன். போனைத் தாங்கியில் நிறுத்தி, வெண்சமநிலையை (white balance) பகல் வெளிச்சத்துக்குப் பூட்டி, வெளிச்ச அளவையும் பூட்டி, டார்ச்சை 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரே கோணத்தில் வைத்தேன். பூட்டாவிட்டால் போன் தன்னிஷ்டத்துக்கு நீலத்தைத் திருத்திவிடும். தோலோடு இருந்தபோது அழுக்குப் பழுப்பு. அது காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெட்டுப்போன அடுக்கு. அரை மில்லிமீட்டர் போனதும் சாம்பல் கலந்த பச்சை. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனபோதுதான் நல்ல நீலம். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் நிறம் மாறவில்லை, பளபளப்பு மட்டும் கூடியது. அதாவது 2 மில்லிமீட்டர் தேய்த்தால் போதும். முதல் கட்டியில் நான் வீணாக்கின முப்பத்தைந்து கிராமை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியாக ஜீன்ஸ் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் தேய்த்தேன். வேறு எதுவும் தடவவில்லை. முடிவில் எடை 87.9 கிராம். மொத்தம் ஐந்து சாயங்காலம், ஏறக்குறைய ஏழு மணி நேரம்.

நடுவில் ஒரு நாள் நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் குங்கிலியம் 40 ரூபாய்க்கு வாங்கி அதிலும் டார்ச் அடித்தேன். மங்கலான பால் நிறம், அவ்வளவுதான். அசிட்டோன் சொட்டு விட்டதும் விரலைப் பிடித்துக்கொண்டது. குங்கிலியத்தையும் அம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம்தான் என் போனில் இப்போது முகப்புப் படம்.

செலவைக் கூட்டினேன். கட்டிகள் 5,200, இரண்டு டார்ச் 3,000, தராசு 650, வாட்டர் பேப்பர் தாள் 20 ரூபாய் வீதம் 26 தாள் 520, கண்ணாடி, எபாக்சி, அசிட்டோன், டானிக் வாட்டர், குங்கிலியம் எல்லாம் சேர்த்து 480. மொத்தம் 9,850. சுழல் கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இதில் மூன்றாவது கட்டிக்கு நிஜமாகத் தேவைப்பட்டது டார்ச்சும் எட்டுத் தாளும்தான்.

அடுத்த முறை செய்வதாக இருந்தால், கச்சாக் கட்டி வாங்கும்போது ஒரு பக்கம் உடைந்து, மறுபக்கம் கரி ஒட்டியதாகப் பார்த்துக் கேட்பேன். எல்லாரும் சுத்தமான துண்டைத் தேடுகிறார்கள், அதனால் கரி ஒட்டியது விலை குறைவாகவும் கிடைக்கும் என்று மச்சினன் சொல்கிறான். 220-ஐ விட்டுவிட்டு 400-இலேயே தொடங்குவேன். தோல் மெலிசு, 220 அதற்கு முரடு. பளபளப்பாக்கிய கட்டியை வெயிலில் வைத்து அழகு பார்க்க மாட்டேன். ஒளிரவைக்கிற அதே புற ஊதாதான் நாளாவட்டத்தில் மேல்தோலைக் கெடுக்கவும் செய்யும். ஞாயிறு காலை ஐந்து நிமிடம் போதும், மிச்ச நேரம் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில்.

முதல் வில்லையைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன். பின்பக்கம் விளக்குக் கரியைப் பூசி, ஓரத்தை வெள்ளித் தகட்டால் மூடித் தருகிறேன் என்றிருக்கிறார். கூலி கேட்டதற்கு, "நீலம் நின்னா பார்ப்போம்" என்றார்.

முதல் கட்டியை ஆக்சா பிளேடால் அறுத்தபோது விழுந்த தூள் மட்டும் ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வீட்டம்மா அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சாம்பிராணிக் கரண்டியில், எரிகிற கரிமேல் போட்டாள். குங்கிலிய வாசனைதான், கொஞ்சம் ரயில் புகை கலந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு சிட்டிகை போட்டாள்.